மலையில் பிக்கப் வண்டி மைலேஜ் தரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கோத்தகிரிப் பக்கம் புதிதாக டபுள் கேப் பிக்கப் (இரண்டு வரிசை இருக்கை, பின்னால் சுமைப் பெட்டி) வாங்குகிறவர்கள் முதல் மாதம் முடிவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "கீழே பதிமூணு குடுக்குதுங்கிறாங்க, எனக்கு ஒன்பதைத் தாண்ட மாட்டேங்குது. வண்டியில ஏதாவது கோளாறா அண்ணா?"

நானும் டீசல் பிக்கப்தான் ஓட்டுகிறேன். எடுத்த நாளிலிருந்து எங்கே டீசல் போட்டேன், எத்தனை லிட்டர், ஓடோமீட்டரில் எத்தனை, என்ன சுமை, எந்தப் பக்கம் போனேன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டை வைத்துச் சொல்கிறேன்: மலையில் மைலேஜ் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளக்கும் முறையை. அது சரி என்று உறுதியான பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். உண்மையான கோளாறு இருந்தால் அது மைலேஜைக் குறைப்பதோடு நிற்காது, வேறு ஓர் அடையாளமும் காட்டும். கீழே அந்த அடையாளங்களின்படி பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அளவு பற்றிய முதல் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மைலேஜ் வருகிறது

ஒரு தடவை 8, அடுத்த தடவை 14 என்று வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது, கணக்குதான் தவறு. மேட்டுப்பாளையத்தில் டாங்க் நிரப்பி, ஊட்டியில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் ஏறிய செலவு மட்டுமே அதில் இருக்கும். ஊட்டியில் நிரப்பி மேட்டுப்பாளையத்தில் நிரப்பினால் இறங்கிய லாபம் மட்டுமே இருக்கும். இரண்டும் உங்கள் வண்டியின் மைலேஜ் கிடையாது.

கிளம்பிய உயரத்துக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே பக்கம் முகம் பார்த்து நிறுத்துவது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தோன்றும். நம் ஊர்ப் பங்குகளில் பல சரிவான இடத்தில் இருக்கின்றன. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டாங்க்கின் மேல் மூலையில் காற்று தங்கிவிடும், நாசில் முன்னாலேயே கட் ஆகும். ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். ஆட்டோ கட் ஆன இடத்தோடு நிறுத்துங்கள். ஒரு தடவை கட் ஆனதும் விட்டுவிட்டு, இன்னொரு தடவை கழுத்து வரை ததும்ப விட்டால் கணக்கு நிற்காது.

மூன்று டாங்க் சேர்த்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். வண்டி திரையில் காட்டும் சராசரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட அது உதவும், அவ்வளவுதான். புது வண்டியாக இருந்தால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இன்ஜினும் கியரும் பழகப் பழக மைலேஜ் கொஞ்சம் ஏறும்.

விளம்பரத்தில் வரும் எண்ணும் ஒப்பிட உதவாது. அந்தச் சோதனையில் வண்டி ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓடுகிறது. அங்கே ஏற்றமும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை.

ஏறும்போது 6, 7 காட்டுகிறது

இது கோளாறு இல்லை, புவியீர்ப்பு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், ஒரு தடவை போட்டுப் பார்த்தால் மனசு நிம்மதியாகிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 1500 மீட்டர். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி 2 டன் என்று வையுங்கள். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரியான டபுள் கேப் வண்டிகள் அந்த அளவிலோ கொஞ்சம் கூடவோ வரும். 2 டன்னை 1500 மீட்டர் தூக்க சுமார் 29 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும், மற்றது வெப்பமாகப் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டும் 2.4 லிட்டர். 33 கிலோமீட்டர் உருண்டு போகும் சாதாரணச் செலவு இன்னொரு 2.4 லிட்டர். மொத்தம் ஐந்து லிட்டர் அளவில் வருகிறது. லிட்டருக்கு ஏழுகூட வராது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இறங்கும்போது கியரில் வந்தால் அரை லிட்டர் போதும். போய்வர 66 கிலோமீட்டர், ஐந்தரை லிட்டர்: லிட்டருக்கு 12. அப்படிப் பார்த்தால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

சுமை எந்தப் பக்கம் போகிறது என்பதும் இதே கணக்குக்குள் வரும். எனக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் ஒரே மாதிரி வண்டி. நான் கேரட் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறுகிறேன். அவர் கீழிருந்து கோழி எருவும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து, வெறும் வண்டியாக இறங்குகிறார். அரை டன் சுமையை மேலே கொண்டுவர அவருக்கு ஒவ்வொரு நடையிலும் முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகப் போகிறது. எனக்கு 12 வரும் இடத்தில் அவருக்குப் பத்தைத் தொட்டாலே பெரிது. என் வண்டியைப் பார்த்துவிட்டு அவர் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றலாமா என்று கேட்டார், நல்லவேளை மாற்றவில்லை. (டபுள் கேப்பில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஆர்சி புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கிள் கேப்பைவிட அது மிகக் குறைவு.)

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் அரவேணு வருவதற்குள் சரிந்து விழுவதும் இதனால்தான். கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரை வைத்து வண்டி அதைக் கணக்கிடுகிறது. இறங்கும்போது அதுவே ஏறிக்கொண்டு போகும். டீசல் முள்ளும் சரிவில் முன்னே பின்னே ஆடும். சமமான இடத்தில் நிறுத்திப் பார்ப்பதே சரி.

உயரத்தில் காற்று குறைவு, அதனால் டீசல் அதிகம் குடிக்கிறது என்று சொல்வார்கள். ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் டர்போ டீசலில் அந்தக் குறையை, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும். மைலேஜ் பாதியாகக் குறைந்ததற்கு அது காரணமாக இருக்க முடியாது.

மலையிலும் குறைவு, கீழேயும் குறைவு

இதுதான் கோளாறையும் மலையின் இயல்பையும் பிரித்துக் காட்டும் சோதனை. மேட்டுப்பாளையத்தில் டாங்க் நிரப்பி, அன்னூர் வழியாக அவிநாசி வரை போய் அதே பங்குக்குத் திரும்புங்கள். எழுபது எண்பது கிலோமீட்டர் வரும். வெறும் வண்டி, 70 முதல் 80 வேகம், டயரில் சரியான காற்று. அதில் 13, 14 வந்தால் வண்டியில் பிழை தேட வேண்டாம். பத்தைத் தாண்டவில்லை என்றால் கீழே உள்ள அறிகுறிகளில் ஏதோ ஒன்று நிச்சயம் பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள்: நான்குவழிச் சாலையில் 110-இல் போய்விட்டு மைலேஜ் இல்லை என்று சொல்லக் கூடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பிக்கப்பின் உயரமான முகத்துக்கும் திறந்த பெட்டிக்கும் அது பெரிய செலவு. மலையில் 30, 40-இல் போகும்போது இது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதனால் மேலே கேரியர் போட்டதால் மலையில் மைலேஜ் குறைந்தது என்றால் அது கேரியரின் எடைதான், காற்று இல்லை.

ஒரு சக்கரம் மட்டும் சூடு, அல்லது வண்டி தானாக உருள மறுக்கிறது

என் வண்டிக்கே வந்தது இது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அப்புறம் எடுத்ததிலிருந்து 12 வந்துகொண்டிருந்த மைலேஜ் பத்துக்கு வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் இரண்டு தடவை காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், எர்ரர் எதுவும் இல்லை, "மலையில் இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான். நோட்டில் முந்தைய மாதத்து எண்கள் இருக்கும்போது எப்படி அதை ஏற்றுக்கொள்வது?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர்தான் ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். இடது பக்கம் மூன்று சுற்று ஓடியது. வலது பக்கம் கால் சுற்றோடு நின்றது. டிரம்முக்குள் ஈரம் இறங்கித் துரு பிடித்து, ஹேண்ட்பிரேக் கேபிளும் ஷூவும் முழுதாக விடவில்லை. சுத்தம் செய்து, கேபிளுக்குக் கிரீஸ் விட்டு, அட்ஜஸ்ட் செய்ததும் அடுத்த டாங்க்கிலேயே பழைய எண் திரும்பியது. பிரேக் உரசுவதை ஸ்கேனர் காட்டாது. அதற்கு அங்கே சென்சார் இல்லை.

நீங்களே பார்க்கலாம். ஆனால் ஏறி முடித்த பிறகு பாருங்கள், இறங்கிய பிறகு வேண்டாம். இறங்கி வந்தால் நாலு சக்கரமும் சூடாகத்தான் இருக்கும். ஏறும்போது பிரேக்கை அதிகம் மிதிக்க மாட்டோம். அதனால் கோத்தகிரி வந்ததும் ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் பிடிக்கிறது. முன்சக்கரமாக இருந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நகரும் ஊசி (பின்) இறுகியிருக்கும்.

மழைக்காலத்தில் சமதளமான ஷெட்டில் பல நாள் நிறுத்துவதாக இருந்தால், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். சரிவில் அப்படிச் செய்யாதீர்கள்.

ஊருக்குள்ளேயே ஓடும் வண்டி: மைலேஜ் குறைவு, சில நாள் சூடான வாடை, நிறுத்தினாலும் ஃபேன் சத்தம்

பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வைத்திருக்கும் மலைக்காரர்கள் எல்லோரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரி பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது தானாக எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும். அந்த நேரத்தில் நின்ற இடத்தில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கொஞ்சம் ஏறியிருக்கும், ஃபேன் ஓடும், வாடை வரும், திரையில் மைலேஜ் இறங்கும்.

சமவெளியில் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இது நடப்பதே தெரியாது. நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் காலையில் 6, 7 டிகிரி குளிரில் எடுத்து, ஹட்டியிலிருந்து (எங்கள் மலைக் கிராமம்) பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர், அங்கிருந்து தேயிலை எடை போடும் இடம் இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டுகிறோம். இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம். கரி சேர்ந்துகொண்டே போகும், சுத்தம் செய்யத் தொடங்கும், பாதியில் சாவியைத் திருப்பிவிடுவோம். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முயற்சிக்கும் டீசல் வீண்.

கம்பெனிப் புத்தகம் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லும். மலையில் அந்த ஓட்டத்துக்கு ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். வடிகட்டி விளக்கு எரிந்தால் மேட்டுப்பாளையம் பக்கம் இறக்கத்தில் ஓட்டுவதால் பயனில்லை. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் இறங்கும்போது குளிர்ந்த காற்றுதான் வடிகட்டி வழியே போகும், சூடு இறங்கிவிடும். கட்டபெட்டு வழியாக ஊட்டிப் பக்கமோ, கீழே இருந்தால் மேல்நோக்கியோ, சீரான கியரில் இருபது இருபத்தைந்து நிமிடம் ஏறுங்கள். நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள், அடியில் அவ்வளவு சூடு இருக்கும்.

வாரம் ஒரு தடவை ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பாதியில் நிற்கும் சுத்திகரிப்பில் தெளித்த டீசலில் கொஞ்சம் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டிப் போனால், டீசல் வாடை அடித்தால், சர்வீஸ் தேதி வரும் வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். மைலேஜ் போவதைவிட இன்ஜின் போவது பெரிய நஷ்டம்.

காலையில் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுச் சூடாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். இந்த அளவு இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கும். தினமும் பத்து நிமிடம் என்றால் மாதத்துக்கு நாலு லிட்டர் அளவில் போகிறது. அப்படி நின்றும் இன்ஜின் சரியாகச் சூடாகாது, கரிதான் சேரும். அரை நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

இன்ஜின் சூட்டு முள் நடுவுக்கே வருவதில்லை, ஹீட்டரும் வெதுவெதுப்புதான்

நீண்ட இறக்கத்தில் முள் கொஞ்சம் இறங்கினால் இயல்பு. ஆனால் ஏற்றத்திலும் நடுவுக்கு வராவிட்டால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் டீசல் விடும். மாற்றச் சொல்லுங்கள், வாரண்டி இருந்தால் அதில் வருமா என்று கேளுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டியும் மைலேஜ் ஏறவில்லை

ஏறாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பழைய கார்புரேட்டர் காலத்தில் அந்தப் பழக்கத்துக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்தது. இப்போதுள்ள காமன் ரெயில் (கணினி அளந்து டீசல் தெளிக்கும்) டீசல் இன்ஜின் கியரில் இருக்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் டீசலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கத் தானே எரிக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து கீழே இறங்க ஒரு மணி நேரம் என்றால், அந்த முக்கால் லிட்டர் முழுவதும் நியூட்ரலுக்காகப் போன செலவு.

அதைவிட முக்கியம் பிரேக். மேலே 29 மெகாஜூல் செலவழித்து ஏறினோமே, அந்த சக்தியில் பெரும்பகுதியை இறங்கும்போது ஏதாவது ஒன்று விழுங்க வேண்டும். கியரில் இருந்தால் நல்ல பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் எல்லாம் பிரேக்குக்கே போகும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது குன்னூர் சாலையில் பர்லியார் பக்கமும், ஊட்டி - மசினகுடி சாலையில் கல்லட்டியிலும் புதிதல்ல. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள், தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்லி அங்கே பலகை இருப்பது காரணத்தோடுதான். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் மேனுவல் மோடில் போட்டு இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வையுங்கள்.

வளைவில் வண்டி பிடித்து இழுப்பது போல இருக்கிறது

4ஹெச்-இல் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) இருக்கிறதா பாருங்கள். பனிமூட்டத்திலும் மழையிலும் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுகிறோம். இந்தப் பிக்கப்புகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு எடுத்தால் டயர் தேய்ந்துதான் திரும்பும். டீசலும் போகும், டயரும் போகும். சேறு, ஈரப் புல், தோட்டப் பாதை முடிந்ததும் 2ஹெச்-க்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிவிடுங்கள்.

டயர் மாற்றிய பிறகு குறைந்தது

இரண்டு காரணம் கலந்திருக்கும். கரடுமுரடான ஆல் டெரெய்ன் டயர் எடை அதிகம், உருளவும் கூடுதல் சக்தி கேட்கும். இது உண்மையான இழப்பு. இன்னொன்று கணக்கு இழப்பு. 255/60 ஆர்18 இருந்த இடத்தில் 265/65 ஆர்18 போட்டால் சக்கரம் 5 சதவீதம் பெரிது. ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 100 கிலோமீட்டர் ஓடியதை 95 என்று காட்டும். கைபேசி வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகே மைலேஜ் போடுங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. மேட்டுப்பாளையத்தில் மதியம் 35 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஊட்டியில் மறுநாள் குளிரில் பார்த்தால் 34-ஐ ஒட்டித்தான் காட்டும். குளிரில் குறைவதை, உயரத்தில் வெளிக் காற்றழுத்தம் குறைவதால் வரும் ஏற்றம் ஈடுகட்டிவிடுகிறது. 29 காட்டினால் குளிர் என்று விட்டுவிடாதீர்கள், எங்கோ கசிகிறது.

ஏற்றத்தில் கறுப்புப் புகை, இழுவை இல்லை, விசில் போன்ற சத்தம்

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் குழாயையும் கிளாம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் அழுத்தக் காற்று வெளியேறும், இன்ஜின் மூச்சுத் திணறும். குழாயின் இணைப்பில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேதான். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரும் வரை விடாமல் முன்பே திறந்து பாருங்கள்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, எரிந்த வாடை

கிளட்ச் நழுவுகிறது. மே மாத சீசனில் குன்னூர் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்தால் புது வண்டியிலும் இது வரும். பிரேக்கில் நில்லுங்கள், முன்வண்டி நாலு வண்டி நீளம் நகர்ந்த பிறகு கிளம்புங்கள்.

திடீரென்று ஒரே ஒரு டாங்க்கில் மட்டும் பெரிய சரிவு

வண்டிக்கு அடியில் டீசல் சொட்டு இருக்கிறதா, மூடி சரியாக இருக்கிறதா, இரவில் எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள். பங்க் மேல் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், எல்லாப் பங்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. அடுத்த டாங்க் பழையபடி வந்தால் வண்டியைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு வேண்டாம். கடைசி மூன்று டாங்க் கணக்கு, அவிநாசி சோதனையின் எண், எந்தச் சக்கரம் சூடு, டிபிஎஃப் விளக்கு எந்தத் தேதிகளில் எரிந்தது, ஆயில் அளவு எங்கே நிற்கிறது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஜாப் கார்டோடு (செய்ய வேண்டிய வேலையை அவர்கள் எழுதும் சீட்டு) இணைக்கச் சொல்லுங்கள். நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லி அந்தக் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். சுற்றும்போது பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.